சூசை மாமாவின் கையெழுத்து

அன்புள்ள அமல்,

நீ அனுப்பிய வீட்டு வரைபடம் வந்தது. போனில் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை என்று உன் அம்மா சொன்னதால், அரூர் போய்ப் பெரிய தாளில் அச்செடுத்து வந்தேன். மேசைமேல் விரித்து, இது கூடம், இது அவன் அறை, இது நமக்கென்று அவன் ஒதுக்கியிருக்கும் அறை என்று விரல் வைத்துக் காட்டினேன். எங்களுக்கு முட்டி வலிக்குமென்று எங்கள் அறையைக் கீழேயே போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததும் உன் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். வரைபடத்தில் குறை ஒன்றும் இல்லை. இடம்தான் தப்பு.

கல்யாணத்துக்கு முன்னால், வீடு கட்ட நீ குறித்திருக்கும் அந்த ரோட்டோரக் காட்டு நிலத்தை உன் பெயருக்கு எழுதித் தரச் சொன்னாய், இல்லாவிட்டால் ஓர் உயிலாவது எழுதி வைக்கச் சொன்னாய். கேட்கும்போது உன் குரல் கொஞ்சம் தயங்கியது. உயில் என்ற பேச்சை எடுத்தால் அப்பா மனம் சங்கடப்படும் என்று நினைத்திருப்பாய். அதெல்லாம் இல்லை. வீட்டில் பெரியவர் உயிரோடு இருக்கும்போது இந்தப் பேச்சே கூடாது என்று நினைக்கிற ஆளில்லை நான். உன் வரைபடம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அதற்குக் காரணம் வேறு. அந்தக் காட்டை உனக்கு எழுதித் தர என்னால் முடியாது. பத்திரமும் பட்டாவும் என் பெயரில்தான் இருக்கின்றன. ஆனாலும் அது உன் லூர்து அத்தையின் காடு. இருபது வருஷத்துக்கு மேலாக நான் அதை வைத்திருக்கிறேன். எப்படி வைத்திருக்கிறேன் என்பதை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதன் நகல் ஒன்றை நம் பங்குக் கோவில் மடலில் போடக் கொடுக்கப்போகிறேன். முதலில் நீ படி. பத்து நாள் கழித்துத்தான் கொடுப்பேன். வீட்டு விஷயத்தை ஏன் ஊரெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று உனக்குக் கோபம் வரும். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு மனிதரைப் பற்றி ஊர் முழுக்கத் தப்பாகப் பேசியிருக்கிறது. அதனால் சரியானதையும் ஊர் முழுக்கத்தான் சொல்ல வேண்டும். வாத்தியார் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவன் நான், இதையாவது பிழையில்லாமல் எழுதிவிடுகிறேன்.

உன் தாத்தா உயில் எழுதியபோது உனக்கு நாலு வயது. அவர் உடம்பு அப்போது நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து ஊரில் அண்ணன் தம்பிகள் ஒரு கிணற்றுக்காகக் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்ததைப் பார்த்துவிட்டு, தன் வீட்டில் அப்படி ஆகக் கூடாது என்று அவராகவே முடிவு செய்தார். என் அம்மா, உன் ஆயா, அதற்கு முன்பே தவறிவிட்டாள். இருப்பது நானும் என் அக்காவும், அதாவது உன் லூர்து அத்தையும்தான். மூன்று புளியமரம் நிற்கிற ரோட்டோரக் காடு மகளுக்கு, கிணற்றுக்காடும் வீடும் மற்ற மீதி எல்லாமும் மகனுக்கு என்று அவர் கணக்கு. அந்த நாளில் ரோட்டோரக் காட்டுக்கு மதிப்புக் கிடையாது. அது வெறும் மானாவாரி. மழை வந்தால் சாமை விதைப்போம், இல்லாவிட்டால் ஆடு மேயும். கிணறு உள்ள காடு எனக்கு வந்ததில் அக்காவுக்குத் துளி வருத்தமில்லை. புளி உலுக்கினால் வருஷச் செலவுக்கு ஆகும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பத்திரம் எழுதுகிறவரிடம் போன அன்று நாங்கள் எல்லோரும் ஒரே பஸ்ஸில் போனோம். சூசை மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் கையெழுத்து மட்டும் பார்க்கிறவர்கள் இன்னொரு முறை பார்க்கும்படி இருக்கும். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி எழுதிப் பழகிய கையெழுத்து. அன்றைக்கென்றே அரூர்க் கடைவீதியில் ஒரு மைப்பேனா வாங்கினார். நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். வீட்டில் ஒரு தாளில் கையெழுத்து விழுகிறதென்றால் முதல் மரியாதை அந்த வீட்டு மாப்பிள்ளைக்கு. அவரைக் கூப்பிடாமல் முடித்தால் பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு அழகில்லை. சாட்சிக்கு யார் என்று பத்திரம் எழுதுகிறவர் கேட்டபோது, உன் தாத்தா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எங்கூட்டு மாப்ள இருக்கறாருங்க. அவரு மொதல்ல போடட்டும். ரெண்டாவதா நம்ம கோயில் உபதேசியாரு போடுவாரு" என்றார்.

எழுதுகிறவரும் சரி என்று தலையாட்டினார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவரிடம் வருகிறவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் இந்துக் குடியானவர்கள். அவர்கள் வீட்டு உயிலில் மகளுக்குச் சொத்து எழுதி மருமகனே சாட்சி போட்டாலும் மகளின் பங்குக்கு ஒன்றும் ஆகாது. அதே முறையில்தான் நமக்கும் எழுதினார். நாம் கிறிஸ்தவர்கள், நமக்குச் சட்டத்தில் ஒரு பிரிவு கூடுதலாகப் பொருந்தும் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. உன் தாத்தா கையெழுத்துப் போட்டார். மாமா புதுப் பேனாவைத் திறந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓர் எழுத்தும் சிதறாமல் தன் பெயரை எழுதினார். மை காயட்டும் என்று ஊதினார். எல்லோரும் ஆளுக்கொரு போண்டா தின்றுவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் தாத்தா தவறிவிட்டார். அதற்குள் அந்த ரோட்டை அகலப்படுத்திப் பெரிய ரோடாக்கினார்கள். ஆடு மேய்ந்த காட்டை, மனை போட வருகிறவர்கள் காரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா பட்டாவைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று வந்தாள். விவரம் தெரிந்தவன் என்று என்னைத்தான் கூப்பிட்டாள். நான் உயிலை எடுத்துக்கொண்டு தருமபுரியில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், போகும்போது என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

வக்கீல் கடைசிப் பக்கம்வரை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முதல் சாட்சி யார் என்று கேட்டார். அக்கா வீட்டுக்காரர் என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். நம் ஆட்களின் உயிலில், சொத்து வாங்குகிறவரோ, அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயில் செல்லும், ஆனால் அந்த ஆளுக்கு எழுதிய பங்கு மட்டும் செல்லாமல் போய்விடும் என்று விளக்கினார். செல்லாமல் போன பங்கு எங்கே போகும் என்று கேட்டேன். மீதியெல்லாம் மகனுக்கு என்று உங்கள் அப்பா எழுதியிருக்கிறாரே, அதனால் உங்களுக்குத்தான் வரும் என்றார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ தெரியவில்லை, உடனே அடுத்ததையும் சொன்னார்.

"இதுக்கெல்லாம் பயப்படாதீங்க சார். உங்க பேருக்கு வந்துட்டுதுன்னா, நீங்க உங்கக்காவுக்குத் தானமா ஒரு செட்டில்மெண்டு பத்திரம் எழுதிக் குடுத்தா முடிஞ்சுது. ஒரு நாள் வேலைங்க."

ஒரு நாள் வேலை. அமல், அந்த ஒரு நாளைத்தான் நான் இத்தனை வருஷமாகச் செய்யாமல் விட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் புத்தி கெட்டது. அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நான்தானே என்று தோன்றியது. அக்காவுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாகிவிட்டதே என்று தோன்றியது. எனக்கும் ஒரு பையன் இருக்கிறானே, நாளைக்கு அவன் வீடு கட்ட ரோட்டோரம் ஓர் இடம் வேண்டாமா என்றும் தோன்றியது. ஆமாம், உன் பெயரைச் சொல்லித்தான் அந்தத் திருட்டுக்குத் துணிந்தேன். நீ அந்த இடத்திலேயே வீட்டு வரைபடம் போட்டு அனுப்பியதும் எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று இப்போது புரியும். ஊர் வந்து இறங்கியபோது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். வக்கீல் சொன்னதில் பாதியை மட்டும் சொல்வது. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத முடிவு.

அக்கா வீட்டில் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். சட்டப்படி உன் பங்கு செல்லாதாம் அக்கா, மாமா சாட்சி போட்டதால் இப்படி ஆகிவிட்டதாம், நான் என்ன செய்வேன் என்றேன். அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவள் கேள்வி கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். அவள் கேட்கும் முன்னால் மாமா எழுந்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கையெழுத்தாலயா போச்சு?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். பள்ளிக்கூடத்தில் பாதி விடை எழுதிய பிள்ளைக்குப் பாதி மதிப்பெண் போடுகிறவன் நான். அன்றைக்கு நான் சொன்ன பாதி, முழுப் பொய்யைவிடக் கேவலமானது.

அதன்பிறகு மாமாவை ஊர் சும்மா விடவில்லை. மரியாதைக்கு ஆசைப்பட்டுப் பெண்டாட்டி காட்டைக் கையெழுத்தில் தொலைத்தவர் என்று டீக்கடையில் அவர் காதுபடவே பேசினார்கள். நானும் அங்கே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். நம் வீட்டில் உன் அம்மா ஒருத்திக்குத்தான் முழு விஷயமும் தெரியும். அவள் என்னிடம் சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். நம் காட்டில் மூன்று புளியமரம் நிற்கும்போது அம்மா ஏன் கடையில் புளி வாங்குகிறாள் என்று நீ சின்ன வயதில் கேட்டாய். அந்தப் புளி புளிக்காது என்று உனக்குப் பதில் சொன்னேன். இன்றுவரை அந்த மரத்துப் புளி நம் வீட்டுக் குழம்பில் விழுந்ததில்லை.

ஒரு நாளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பாதிதான். அத்தை மகள் ஸ்டெல்லாவின் கல்யாணம் உனக்கு நினைவிருக்கும், மோதிரத் தட்டை நீதான் பிடித்திருந்தாய். பூசை முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். பெண்ணின் அப்பா என்று மாமாவிடம் பேனாவை நீட்டினார் சாமியார். மாமா பேனாவை வாங்கவில்லை. இடது கைக் கட்டைவிரலை நீட்டினார். உங்களுக்குத்தான் அழகாக எழுத வருமே என்று சாமியார் ஆச்சரியமாகக் கேட்டார்.

"எங்கையெழுத்து ராசியில்லீங்க சாமி. எம்பொண்ணுக்காச்சும் நல்லா இருக்கட்டும்" என்றார் மாமா.

நான் அவருக்கு அடுத்தபடி நின்றிருந்தேன். அப்போதுகூட வாயைத் திறந்திருக்கலாம். மை தடவிய அந்த விரலை அவர் வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டார், நான் வாசலுக்குப் போய்ப் பந்தி எப்போது என்று விசாரித்தேன். வருஷா வருஷம் ஈஸ்டர் பாஸ்காவுக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்தி வந்தேன் என்றெல்லாம் சொல்வேன். இதைச் சொன்னதில்லை. சொன்னால் திருப்பிக் கொடு என்பார் சாமியார், அது எனக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் மாமா போய்ச் சேர்ந்தார். முதியோர் பென்ஷன் மனுவில்கூட அவர் வைத்தது கைநாட்டுதான்.

நீ கேட்டபடி உயிலும் எழுதிவிட்டேன், கவலைப்படாதே. கிணற்றுக்காடும் வீடும் முதலில் உன் அம்மாவுக்கு, அவளுக்குப் பிறகு உனக்கு. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். பதிவு செய்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, ஆனாலும் செய்துவிட்டேன், நாளைக்குத் தாளே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சாட்சி இரண்டு பேர், நம் ஊர் டாக்டரும் என்னோடு வேலை பார்த்த தலைமையாசிரியரும். இருவருக்கும் அதில் ஒரு பிடி மண்ணும் இல்லை. நான் கையெழுத்துப் போடுவதை இருவரும் பக்கத்தில் நின்று பார்த்து, பிறகு என் முன்னாலேயே போட்டார்கள். புல எண்களை இரண்டு முறை சரிபார்த்தேன். அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது அம்மாவுக்குத் தெரியும். நீயும் உன் பங்குக்கு ஒன்று எழுதி வை, ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு எழுது. நம் சட்டத்தில் கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் தாலி ஏறியதும் செத்துப்போகும். இன்னொன்று, வங்கியில் நாமினி என்று ஒரு பெயர் போட்டுவிட்டால் பணம் அவருக்கே சொந்தமாகிவிடாது, அதையும் உயிலில் தெளிவாக எழுது.

ரோட்டோரக் காடு மட்டும் அந்த உயிலில் இல்லை. அத்தைக்கு என்று அதிலேயே எழுதிவிட்டால் என்ன என்று முதலில் நானும் நினைத்தேன். நான் செத்த பிறகு உண்மை வெளியே வந்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாமே என்ற கோழைத்தனம்தான். உயில் நான் போன பிறகுதான் வாயைத் திறக்கும். அக்கா என்னைவிட மூத்தவள். எனக்கு முன்னால் அவள் போய்விட்டால் அவளுக்கு எழுதியதும் அவளோடு போய்விடும். அடுத்தவர் பொருளை உயிரோடு இருக்கும்போதே கையில் கொடுத்துவிட வேண்டும், உயிலில் எழுதி வைப்பது சாக்குப்போக்கு.

அதனால் உன் வரைபடம் வந்த மறுநாள் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். அத்தை அங்கே வாடகை வீட்டில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். என்ன வேலைக்குப் போகிறாள் என்று உனக்குத் தெரியாது. ஒரு வியாபாரியின் கொட்டகையில் புளியை உடைத்துக் கொட்டை எடுக்கிறாள். எழுபது வயதில், தரையில் உட்கார்ந்து, ஊரார் மரத்துப் புளியை. நான் போனபோது விரலெல்லாம் கறுத்திருந்தது. என்னைக் கண்டதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீல் சொன்ன மறு பாதியையும் சொன்னேன். காலில் விழப் போனேன், விடவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. எழுந்து போய்ச் சுவரில் இருந்த மாமா படத்தை நேராக்கினாள்.

"காடு கெடக்குது போ. அவருகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்லடா" என்றாள்.

அவள் சொன்னது சரிதான், அமல். காட்டைத் திருப்பித் தரலாம். சாகும்வரை தன் கையைத் தானே குற்றம் சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு நான் எதைத் திருப்பித் தருவேன்? அவர் உயிரோடு இருந்த எந்த நாளிலும் ஒரே வாக்கியத்தில் அதை முடித்திருக்கலாம்.

நாளைக்கே பதிவு செய்துவிடலாம், வா என்று அத்தையைக் கூப்பிட்டேன். வர மறுத்துவிட்டாள். உன் பெயரைச் சொன்னாள். உனக்குத் தெரியாமல் எழுதி வாங்க மாட்டாளாம்.

"நீ எனக்கு ஒளிச்சாப்பல நான் அவனுக்கு ஒளிக்க மாட்டேன். அமலு வந்து சாட்சி போடட்டும். அவன் மனசாரப் போட்டா நான் வாங்கிக்கறேன். இல்லீன்னா அந்தக் காடு உன்னோடவே இருக்கட்டும்."

இப்போது விஷயம் உன் கையில் வந்து நிற்கிறது. சட்டப்படி எனக்கு உன் சம்மதம் தேவையில்லை. அந்தக் காட்டில் உனக்குப் பிறப்புரிமை என்று எதுவும் கிடையாது, நீ மறுத்தாலும் நான் எழுதலாம். ஆனால் வாங்குகிறவள் கை நீட்டினால்தான் கொடுத்தது செல்லும், அவள் உனக்காகத்தான் காத்திருக்கிறாள். உன் வீடு அங்கே வராது. கிணற்றுக்காட்டில் கட்டு, ரோட்டுக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். பெண் வீட்டாரிடம் இடம் மாறிய காரணத்தை நானே போய்ச் சொல்கிறேன். உனக்கு என்மேல் கோபம் இருந்தால் அதை என்னிடம் காட்டு. அத்தையிடம் காட்டாதே கண்ணு.

சனிக்கிழமை கிளம்பி வந்தால் திங்கட்கிழமை முதல் ஆளாகப் பதிவு முடித்துவிடலாம். மறு சாட்சிக்கு உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன். ஆதார் அட்டையை மறக்காதே. பேனா மட்டும் கொண்டு வர வேண்டாம். அன்று நான் கிளம்பும்போது அத்தை பெட்டியைத் திறந்து மாமாவின் மைப்பேனாவை எடுத்தாள். உள்ளே மை காய்ந்து கட்டியாகியிருந்தது. வெந்நீரில் போட்டுக் கழுவினாள், ஒரு புட்டி மை வாங்கி வரச் சொன்னாள். கடைக்குப் போய் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

உன் அப்பா